ஒரு பவுண்டுக்கு எத்தனை பவுண்டு? வெளிநாட்டு மாணவர் சேர்க்கையின் வருவாயை ஓர் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் மறுபடி கணக்கிட்ட நிகழ்வு

## நிகழ்வு பற்றி

இந்த ஆய்வில் வரும் பல்கலைக்கழகம் இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் உள்ளது. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பாலிடெக்னிக் நிலையிலிருந்து பல்கலைக்கழகம் ஆனவற்றில் ஒன்று. அதை அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. உள்கணக்கில் வரும் தொகைகளும் விழுக்காடுகளும் மாற்றி, உருண்டை எண்களாக்கித் தரப்பட்டுள்ளன. கணக்கு எந்த வழியில் போடப்பட்டது, அது எங்கே திரும்பியது என்பதைக் காட்டவே அவை இங்கே வருகின்றன. எந்த நிறுவனத்தின் புள்ளிவிவரமாகவும் அவற்றை எடுத்தாள வேண்டாம். அரசு விதிகள், தேதிகள், தேசிய அளவிலான எண்ணிக்கைகள் உள்ளபடியே உள்ளன.

## பின்னணி

இங்கிலாந்தில் உள்நாட்டு இளநிலை மாணவரிடம் வாங்கக்கூடிய ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பு 2017-இல் 9,250 பவுண்டு ஆனது. அதன் பிறகு பல ஆண்டுகள் அது அசையவில்லை. சம்பளமும் மின்கட்டணமும் ஏறிக்கொண்டே போயின. ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் மானியம் ஆராய்ச்சியின் முழுச் செலவுக்கும் போதாது என்பதால் அந்தப் பள்ளத்தையும் எங்கிருந்தாவது நிரப்ப வேண்டியிருந்தது. வெளிநாட்டு மாணவர் கட்டணத்துக்கு மட்டும் உச்சவரம்பு கிடையாது. பல பல்கலைக்கழகங்கள் அந்தப் பக்கம் திரும்பியதற்குக் காரணம் இவ்வளவுதான்.

2012-இல் மூடப்பட்ட படிப்புக்குப் பிந்தைய வேலை விசா, 'கிராஜுவேட் ரூட்' என்ற பெயரில் 2021 ஜூலை 1 அன்று மீண்டும் திறந்தது. இளநிலையோ முதுநிலையோ முடித்தவர் 2 ஆண்டுகள் தங்கி வேலை பார்க்கலாம். இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. 2022-23 கல்வியாண்டில் பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் இருந்த வெளிநாட்டு மாணவர்கள் சுமார் 7 லட்சத்து 58 ஆயிரம் பேர். அந்த ஆண்டில் இந்தியா சீனாவை முந்தி முதலிடத்துக்கு வந்தது.

இந்தப் பல்கலைக்கழகமும் செப்டம்பர் சேர்க்கையோடு ஜனவரி சேர்க்கையையும் பெரிதாக்கியது. பாரம் முழுவதும் பிசினஸ் ஸ்கூலின் இரண்டு எம்.எஸ்சி. படிப்புகள் மேல் விழுந்தது. ஜனவரியில் சேர்ந்த மாணவர் அணிக்கு வகுப்பறை போதாமல் நகரின் நடுவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் இரண்டு தளங்களைக் குத்தகைக்கு எடுத்தார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் பன்னாட்டு அலுவலகத்தின் இயக்குநர் ஆட்சிக்குழு முன் ஓர் அறிக்கை வைப்பார். 2022-23 அறிக்கையில் இருந்த முதன்மை எண்: சேர்க்கைக்குச் செலவிட்ட ஒரு பவுண்டுக்கு 14 பவுண்டுக்கும் மேல் வருவாய். உறுப்பினர்களுக்கு இது நிறைவாக இருந்தது. 2021-22-இல் சேர்ந்த வெளிநாட்டு மாணவர்களால் பிரிட்டனுக்குக் கிடைக்கும் நிகரப் பொருளாதார நன்மை 37.4 பில்லியன் பவுண்டு என்று 2023 மே மாதம் வெளியான ஆய்வையும் அந்தக் கூட்டத்தில் சுட்டிக்காட்டினார்கள். அந்த ஆய்வு நாட்டுக்கான கணக்கு. மாணவர் கொடுக்கும் வீட்டு வாடகையும் கடையில் செய்யும் செலவும் அதில் சேரும். ஒரு பல்கலைக்கழகத்தின் கல்லாவில் என்ன மிஞ்சியது என்ற கேள்விக்கு அதில் விடை தேட முடியாது.

## முதலில் தென்பட்டவை

சிக்கலை முதலில் பார்த்தது பணவரவைக் கவனிக்கும் பிரிவு. 2023 கோடையில் வருமானக் கணக்கு பட்ஜெட்டை ஒட்டியே இருந்தது. வங்கியிருப்பு மட்டும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. படிப்பு நடக்கும் மாதங்களுக்குக் கட்டணத்தைப் பிரித்து வருமானமாக எழுதுவது கணக்கியல் வழக்கம். மாணவர் கட்டினாரா இல்லையா என்பது அந்த வரியில் தெரியாது. வரவேண்டிய பாக்கி என்ற வரியில்தான் தெரியும். அந்தப் பாக்கி பெருகியிருந்தது.

பாக்கி யாருடையது என்று பிரித்துப் பார்த்தபோது பெரும்பகுதி 2023 ஜனவரி அணியைச் சேர்ந்தது. அந்த அணிக்கு மூன்று தவணைகள்: சேரும்போது, மே மாதம், செப்டம்பர். முதல் தவணை வந்துவிட்டது. ஜூன் நடுவில் நைஜீரியாவின் மத்திய வங்கி நைராவின் மாற்றுவிகிதத்தைச் சந்தைக்கு விட்டது. அதுவரை ஒரு டாலருக்கு 470 நைரா அளவில் இருந்தது சில வாரங்களில் 750-ஐ ஒட்டிப் போயிற்று. 2024 பிப்ரவரியில் 1,500-ஐத் தாண்டியது. நைஜீரிய மாணவர்கள் ஊரில் வைத்திருந்த சேமிப்பு நைராவில், கட்ட வேண்டிய தொகை பவுண்டில். மாணவர் விசாவில் வகுப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பதால் அந்தப் பள்ளத்தை உழைத்தும் நிரப்ப முடியாது. ஏமாற்ற வந்தவர்கள் என்று இவர்களைப் பற்றிப் பேசியது நியாயமற்ற பேச்சு. முதல் தவணையை ஒழுங்காகக் கட்டி, வகுப்புக்கும் வந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்.

இதற்கு முன்பே இன்னொரு செய்தி வந்திருந்தது. பாடவழி முதுநிலை மாணவர்கள் குடும்பத்தை உடன் அழைத்துவர 2024 ஜனவரி முதல் அனுமதியில்லை என்று 2023 மே 23 அன்று அரசு அறிவித்தது. ஜனவரி அணியில் குடும்பத்தோடு வருபவர்கள் கணிசமானவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஜனவரி சேர்க்கையை மேலும் வளர்க்கலாமா என்று பிசினஸ் ஸ்கூலின் டீன் கேட்டிருந்த நேரம் அது. நிதித்துறைத் தலைவர் பதில் சொல்வதற்கு முன், 14 என்ற எண் எப்படி வந்தது என்று பார்க்கும்படி ஓர் ஆய்வாளரிடம் சொன்னார்.

## 14 என்ற எண்ணின் உள்ளே

மேல் வரியில், சேர்ந்த மாணவர் எண்ணிக்கையை அச்சிட்ட கட்டணமான 16,000 பவுண்டால் பெருக்கியிருந்தார்கள். கீழ் வரியில் பன்னாட்டு அலுவலகத்தின் ஆண்டு பட்ஜெட். ஒரு மாணவருக்குப் பிரித்தால் 1,100 பவுண்டு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 14.5. கூட்டல் கழித்தலில் தவறில்லை. விட்டுப்போனவைதான் முக்கியம்.

அச்சிட்ட கட்டணத்தை யாருமே கட்டவில்லை. 'உதவித்தொகை' என்ற பெயரில் எல்லா விண்ணப்பதாரருக்கும் 2,000 பவுண்டு தள்ளுபடி தானாகவே போய்க்கொண்டிருந்தது. முன்கூட்டிக் கட்டினால் இன்னும் 500. மதிப்பெண்ணோ தேவையோ பார்க்காமல் எல்லோருக்கும் போகும் தொகையை விலைக் குறைப்பு என்றுதான் எழுத வேண்டும். உண்மையான கட்டணம் 13,500.

மாணவர்களைச் சேர்த்துவிடும் முகவர்களுக்கான கமிஷன் பன்னாட்டு அலுவலகத்தின் பட்ஜெட்டில் இல்லை. மத்தியக் கணக்கிலிருந்து போனது. அடிப்படை விகிதம் முதலாண்டு நிகரக் கட்டணத்தில் 15%. ஒரு முகவர் அனுப்பும் மாணவர்கள் 100-ஐ எட்டினால் 18%, அதுவும் முதல் மாணவரிலிருந்தே கணக்கு. இந்த விதி என்ன செய்தது என்பதை ஆய்வாளர் தனியாக எழுதிக் காட்டினார். 100-ஐ எட்டும் அந்த ஒரு சேர்க்கையால், ஒவ்வொருவருக்கும் 405 பவுண்டு வீதம் 100 பேருக்கும் கூடுதல் கமிஷன் 40,500. அதற்கு வாட் வரி 8,100. ஆக, 13,500 பவுண்டு கட்டணம் தரும் நூறாவது மாணவருக்காக, அவருக்கான வழக்கமான 15% கமிஷனுக்கு மேல், 48,600 பவுண்டு வெளியே போனது. டிசம்பர் கடைசியில் 96, 97-இல் நிற்கும் முகவர் எந்த விண்ணப்பத்தையாவது உள்ளே தள்ளப் பார்ப்பார். அப்படி வந்த விண்ணப்பங்களில் ஆவணக் குறைபாடு அதிகம் என்பதைக் கோப்புகளே காட்டின.

வாட் வரி தனியாகச் சொல்லப்பட வேண்டியது. வெளிநாட்டு முகவரின் சேவைக்கு, வாங்குகிற பல்கலைக்கழகமே 20% வாட் வரியைக் கணக்கிட்டு பிரிட்டன் அரசுக்குக் கட்ட வேண்டும். நம் ஜிஎஸ்டி-யில் உள்ள 'ரிவர்ஸ் சார்ஜ்' முறைதான் இது. சாதாரண வணிகம் என்றால் அந்த வரியை வேறு பக்கத்தில் வரவு வைத்துக்கொள்ளலாம். கல்வி வாட் விலக்குப் பெற்ற சேவை என்பதால் பல்கலைக்கழகத்துக்கு அந்த வழி இல்லை. வரி முழுவதும் செலவாகவே நிற்கும். முகவரின் விலைப்பட்டியலில் இந்தத் தொகை இராது. அதனால்தான் பல இடங்களில் கணக்கில் விடுபடுகிறது.

இவற்றுக்குப் பிறகு, கற்பிக்கும் செலவு, குத்தகைக் கட்டடம், மாணவர் நலப் பணியாளர்கள், வராமல் போகும் கட்டணம். எதுவும் 14-இல் இல்லை.

## மறுகணக்கு

ஆய்வாளர் மூன்று விதிகளை வைத்துக்கொண்டார். நிதியாண்டுக்குப் பதிலாக ஒரு சேர்க்கை அணியை, சேர்ந்த நாளிலிருந்து படிப்பு முடிந்து 6 மாதம் வரை பின்தொடர வேண்டும். எழுதிய கட்டணத்தை விட்டுவிட்டுக் கைக்கு வந்த பணத்தை மட்டும் எடுக்க வேண்டும். செலவில், அந்த அணி இல்லாவிட்டால் ஏற்பட்டிருக்காத செலவை மட்டும் சேர்க்க வேண்டும். நூலகம், துணைவேந்தர் அலுவலகம் போன்றவற்றைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டால் வெளிநாட்டு மாணவர்கள் நஷ்டம் என்றுகூடக் காட்டிவிடலாம். அவர்கள் வராமல் போனாலும் அந்தச் செலவு குறையாது என்பதால் அப்படிப் போடுவது சரியாகாது.

மூன்றாவது விதிதான் நடைமுறையில் கடினமானது. கற்பித்தல் செலவு படிப்படியாகத் தாவும். கருத்தரங்க வகுப்புக்கு 20 பேர் என்றால், 60 பேர் வரை மூன்று குழு. 61-ஆவது மாணவர் நான்காவது குழுவுக்கான ஆசிரியர் நேரத்தை இழுத்து வருவார். ஆய்வேட்டு வழிகாட்டல் தலைக்கு இத்தனை மணி என்று நேராக ஏறும். செப்டம்பர் அணியின் ஆய்வேடும் ஜனவரி அணியின் பாடமும் கோடையில் மோதியதால் மணிக்கணக்கு ஊதிய ஆசிரியர்களை எடுத்திருந்தார்கள். துறையின் கால அட்டவணையையும் ஊதியப் பதிவையும் அருகருகே வைத்து, எந்த ஒப்பந்தம் எந்த அணிக்காகப் போடப்பட்டது என்று டீனின் அலுவலகத்தோடு உட்கார்ந்து பிரித்தார்கள். எக்செல் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது.

முதுநிலை மாணவர் ஒருவருக்கு, இரண்டு அணிகளின் சராசரியாக வந்த கணக்கு:

நிகரக் கட்டணம் 13,500
வராத கட்டணம் (8%) 1,080
நேரடிக் கற்பித்தல் செலவு 3,800
கூடுதல் கட்டடம், மாணவர் நலம் 1,400
சேர்க்கைக்கு முந்தைய மிச்சம் 7,220
கமிஷன் (18%) 2,430, அதன் வாட் 486
பன்னாட்டு அலுவலகப் பங்கு 1,100
சேர்க்கைச் செலவு மொத்தம் 4,016
கடைசி மிச்சம் 3,204

அதாவது, சேர்க்கைக்குச் செலவிட்ட ஒரு பவுண்டுக்குத் திரும்பி வந்தது 1.80 பவுண்டு. இதுவும் லாபம்தான். ஆனால் 14 என்று நம்பி எடுக்கும் முடிவும் 1.80 என்று தெரிந்து எடுக்கும் முடிவும் ஒன்றாக இருக்க முடியாது.

சராசரியைப் பிரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. செப்டம்பர் அணியில் வராத கட்டணம் 3%. கூடுதல் கட்டடம் தேவைப்படவில்லை, நலச்செலவு 500 மட்டும். மிச்சம் 4,779, விகிதம் 2.19. ஜனவரி அணியில் வராத கட்டணம் 13%. கட்டடமும் நலமும் சேர்ந்து 2,300. மிச்சம் 1,629, விகிதம் 1.41. வளர்க்கச் சொல்லிக் கேட்டது இந்த இரண்டாவது அணியை.

அடுத்தது இளநிலை. பன்னாட்டு அலுவலகம் 'ஒரு சேர்க்கைக்கு ஆகும் செலவு' என்ற அளவுகோலையும் வைத்திருந்தது. இளநிலை மாணவரைக் கொண்டுவரப் பள்ளிகளுக்குப் போக வேண்டும், பெற்றோரோடு பேச வேண்டும், இரண்டு ஆண்டு தொடர வேண்டும். அலுவலகச் செலவு தலைக்கு 2,600. கமிஷனோடு சேர்த்து 5,516. முதுநிலையின் 4,016-ஐவிட இது அதிகம் என்பதால் பள்ளிப் பயணங்களை முந்தைய ஆண்டே குறைத்திருந்தார்கள். ஆனால் கமிஷன் முதலாண்டுக்கு மட்டும், கட்டணம் மூன்றாண்டு. இரண்டாம் ஆண்டுக்கு 90%, மூன்றாம் ஆண்டுக்கு 85% பேர் நிற்பார்கள் என்று வைத்தால் ஒருவர் சராசரியாக 2.75 ஆண்டுக் கட்டணம் தருவார். ஆண்டுக்கு நிகரக் கட்டணம் 13,500, கற்பித்தலும் நலமும் 4,300, மீதம் 9,200. 2.75 ஆண்டுக்கு 25,300. வராத கட்டணம் 2% கழித்தால் 24,558. சேர்க்கைச் செலவு போக 19,042, விகிதம் 4.45. பிந்தைய ஆண்டுப் பணத்தை ஆண்டுக்கு 5% வீதம் இன்றைய மதிப்புக்குக் குறைத்தாலும் 18,000-ஐ ஒட்டியே நின்றது. சேர்க்கைச் செலவை மட்டும் பார்த்ததால் அதிகம் ஈட்டித் தரும் வழியை அடைத்துவிட்டு, குறைவாகத் தரும் வழியை அகலமாக்கியிருந்தார்கள்.

## யார் கொண்டுவந்த மாணவர்?

கமிஷன் சரியான ஆளுக்குப் போகிறதா என்பதையும் பார்த்தார்கள். கோப்புகளில் ஒரு வகை மீண்டும் மீண்டும் வந்தது: மாணவர் பல்கலைக்கழகத் தளத்தில் நேரடியாக விண்ணப்பித்து, சேர்க்கைக் கடிதமும் பெற்ற பிறகு, முகவரின் குறியீடு கோப்பில் ஏறியிருக்கும். விசா ஆவணங்களுக்கு உதவி தேடி மாணவர் ஒரு கன்சல்டன்சிக்குப் போயிருப்பார்; அவர்கள் முகவர் மாற்றப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். பல்கலைக்கழகம் ஏற்கெனவே தன் பக்கம் வந்துவிட்ட மாணவருக்கு முழுக் கமிஷன் கொடுத்தது.

இன்னொரு சிக்கல் துணை முகவர்கள். திருச்சியிலோ மதுரையிலோ உள்ள ஒரு மாணவர் தன் ஊர் கன்சல்டன்சியில் விண்ணப்பம் கொடுக்கிறார். அவர்களுக்குப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் கிடையாது. ஒப்பந்தமுள்ள பெரிய நிறுவனத்தின் வழியாக அனுப்புகிறார்கள். பல்கலைக்கழகத்தின் பதிவில் பெரிய நிறுவனத்தின் பெயர் மட்டும் இருக்கும். மாணவருக்கு அறிவுரை சொன்னவர் யார், சரியாகச் சொன்னாரா என்பது தெரியவே தெரியாது. நல்ல துணை முகவரையும் மோசமானவரையும் ஒரே சராசரி மூடிவிடும்.

## விசா மறுப்பும் ஒரு செலவு

மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் 'காஸ்' என்ற உறுதிக் கடிதம் தர வேண்டும். அதைத் தரும் உரிமத்தை உள்துறை ஆண்டுதோறும் மூன்று அளவுகளில் சோதிக்கும். அன்றைய வரம்புகள்: விசா மறுப்பு 10%-க்குக் கீழே, விசா பெற்றவர்களில் சேர்ந்தவர்கள் குறைந்தது 90%, படிப்பை முடிப்பவர்கள் குறைந்தது 85%. தவறினால் உரிமமே போகலாம்.

எனவே மறுக்கப்படும் ஒவ்வொரு விண்ணப்பமும் எல்லா நாட்டு மாணவர்களுக்கும் பொதுவான ஒரு வரம்பைத் தின்கிறது. 1,000 விண்ணப்பங்களில் 100-ஐத் தொட்டால் எல்லாமே ஆபத்து. ஒரு முகவரின் மறுப்பு 18% என்றால், அவர் அனுப்பும் 100 பேருக்கு 18 இடம் போகிறது. 4% மறுப்புள்ள முகவருக்கு 4. இதற்குப் பவுண்டில் விலை வைக்க ஆய்வாளர் முயன்று கைவிட்டார். உரிமம் போனால் ஏற்படும் இழப்பை எந்த நிகழ்தகவால் பெருக்கினாலும் விடை நம்பத்தக்கதாக இல்லை. பதிலாக, வருவாய் விகிதத்துக்கு அருகில் 'மறுப்பு வரம்பில் எடுத்த பங்கு' என்று ஒரு தனிப் பத்தியை வைத்தார். விலை வைக்க முடியாததை விலை வைத்ததுபோல் காட்டாமல் விட்டது நல்ல முடிவு.

## எடுத்த முடிவுகள்

2023 நவம்பரில் ஆட்சிக்குழு இந்தக் கணக்கை ஏற்றது.

ஜனவரி அணியைச் சொந்தக் கட்டடத்தில் அடங்கும் அளவுக்குச் சுருக்குவது, குத்தகையைப் புதுப்பிக்காமல் விடுவது என்பது முதல் முடிவு. கட்டடம்தான் படியாகத் தாவிய செலவு. அதை விட்டால் மீதிக் கணக்கு சீராகும். பள்ளிப் பயணங்களைத் திரும்பத் தொடங்கினார்கள்.

கமிஷன் எல்லோருக்கும் 15%, பின்னோக்கிய ஊக்கத்தொகை கிடையாது. பாதி, நான்காம் வார வருகைப் பதிவுக்குப் பின். மீதி, மாணவரின் இரண்டாம் தவணை வந்தபின். இதைப் பன்னாட்டு அலுவலக இயக்குநர் கடுமையாக எதிர்த்தார். கமிஷனைப் பெரிய நிறுவனங்கள் காத்திருந்து வாங்கும், நேர்மையாக நடக்கும் சிறிய முகவர்தான் மாத வாடகைக்குத் திண்டாடுவார் என்றார். அதில் உண்மை இருந்தது. முழுத் தொகையையும் இரண்டாம் தவணை வரை நிறுத்த வேண்டும் என்ற முதல் வரைவு அதனால்தான் பாதிப் பாதி என்று மாறியது. விகிதத்தை 15-க்கும் கீழே இறக்கவில்லை. இறக்கினால் நல்ல மாணவர்களைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

'காஸ்' தருமுன் வாங்கும் முன்பணம் 3,000-இலிருந்து நிகரக் கட்டணத்தில் பாதியாக உயர்ந்தது. இதில் ஒரு விலக்கு வைத்தார்கள்: கல்விக்கடன் அனுமதியாகி, வங்கி நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கே கட்டணத்தை அனுப்பும் ஏற்பாடு இருந்தால் பழைய முன்பணம் போதும். இந்திய மாணவர்களில் பலர் கடனில் வருபவர்கள். வங்கி விசாவுக்குப் பின்தான் பெருந்தொகையை விடுவிக்கும். விலக்கு இல்லாவிட்டால் வட்டிக்கு வாங்கிக் கட்டும் நிலைக்கு அந்தக் குடும்பங்கள் தள்ளப்பட்டிருக்கும்.

பாக்கி வைத்திருந்த மாணவர்களை என்ன செய்வது என்பதுதான் நீண்ட விவாதமானது. நீக்கினால் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். விசா பொதுவாக 60 நாளாகச் சுருக்கப்படும். மாணவர் பட்டமின்றி ஊர் திரும்புவார். பணமும் வராது. பாதிக்கு மேல் கட்டியவர்கள் படிப்பைத் தொடரலாம், மீதியை மாதத் தவணையில் கட்டலாம், பட்டச்சான்று கல்விக் கட்டணம் தீர்ந்தபின் என்று முடிவாயிற்று. இரக்கத்தாலும் இதைச் செய்யலாம், கணக்காலும் செய்யலாம். இரண்டும் ஒரே பக்கம் காட்டின.

## பின்விளைவு

2024 ஜனவரி அணி திட்டமிட்டதைவிடவும் சுருங்கியது. குடும்பத்தை அழைத்துவரத் தடை, நைராவின் வீழ்ச்சி, உயர்த்திய முன்பணம் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. முந்தைய ஆண்டின் 200 பேருக்கு 90 பேர். கட்டண வருமானம் 27 லட்சம் பவுண்டிலிருந்து 12 லட்சத்து 15 ஆயிரமாக இறங்கியது. பழைய அறிக்கை மட்டும் இருந்திருந்தால் ஆட்சிக்குழு இதைப் பேரிடர் என்று வாசித்திருக்கும்.

புதிய கணக்கில்: வராத கட்டணம் 5%, அதாவது 675. கற்பித்தல் 3,800, நலம் 500. கமிஷனும் வாட்டும் 2,430. ஆட்கள் குறைந்ததால் அலுவலகப் பங்கு 1,500-ஆக ஏறியது. மிச்சம் 4,595. 90 பேருக்கு 4,13,550 பவுண்டு. முந்தைய ஆண்டு 200 பேரிடம் மிஞ்சியது 3,25,800.

இதன் விலையை மணிக்கணக்கு ஊதிய ஆசிரியர்கள் கொடுத்தார்கள். ஜனவரி அணிக்காக எடுக்கப்பட்டவர்களில் பலருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அணியை அவசரமாகப் பெருக்கிய ஆண்டில் நிரந்தரமற்ற வேலைகளை நம்பியதன் விளைவு அது. மிச்சத் தொகையின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஊக்கத்தொகை போனதால் இரண்டு பெரிய முகவர் நிறுவனங்கள் வேகத்தைக் குறைத்தன. அவர்களிடமிருந்து வந்த விண்ணப்பம் குறைந்தது. மறுப்பு விகிதமும் குறைந்தது. மாதத் தவணை ஏற்பாட்டுக்கு வந்த மாணவர்களில் பெரும்பாலோர் பட்டமளிப்புக்கு முன் பாக்கியைத் தீர்த்தனர். இளநிலையைப் பொறுத்தவரை எதுவும் சொல்ல இயலாது: 2024 செப்டம்பரில் சேர்ந்த அணியின் மூன்றாண்டு 2027 கோடையில்தான் முடிகிறது. 4.45 என்பது அதுவரை மதிப்பீடு மட்டுமே.

## மாற்றிச் செய்ய வேண்டியவை

மாணவர் முதலில் எந்த வழியாகத் தொடர்புகொண்டார் என்பதை விசாரணை வந்த அன்றே, தேதியோடு, பிறகு திருத்த முடியாதபடி பதிய வேண்டும். பின்னால் கோப்புகளைத் தோண்டி எடுத்த தகவல் பாதிக்குத்தான் நம்பகமாக இருந்தது. துணை முகவரின் பெயரும் ஊரும் விண்ணப்பத்தில் கட்டாயப் புலமாக வேண்டும்.

நாடு, படிப்பு, அணி, வழி என்று நான்காகப் பிரித்தால் சில கட்டங்களில் 5 பேர், 6 பேர்தான் இருப்பார்கள். ஒருவர் கட்டாவிட்டால் விகிதம் தலைகீழாகும். முதல் ஆண்டில் அப்படிப்பட்ட எண்களையும் அச்சிட்டதால், ஒரு சிறிய நாட்டை 'நஷ்டம்' என்று சிலர் பேசத் தொடங்கினார்கள். 20 பேருக்குக் குறைவான கட்டங்களைச் சேர்த்தே வெளியிட வேண்டும். நாணய வீழ்ச்சியையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும்: இந்த நாட்டின் நாணயம் பாதியானால் இரண்டாம் தவணை வருமா என்ற கேள்வியை, சேர்க்கை இலக்கு வைக்கும்போதே கேட்க வேண்டும்.

மாணவர் பக்கக் கணக்கு இதில் எங்கும் வரவில்லை. படித்து முடித்தவர் எந்த வேலைக்குப் போனார், வாங்கிய கடனை அடைக்க முடிந்ததா என்பதை அணிவாரியாகச் சேர்க்கும் வேலை இன்னும் தொடங்கவில்லை. விகிதம் நன்றாக இருந்தும் மாணவர் கடனில் மூழ்கினால் அந்தப் படிப்பைத் தொடர்ந்து விற்பது முறையா என்று ஆட்சிக்குழு ஒருநாள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

விதிகளும் மாறியுள்ளன. 2025 மே மாதம் அரசு வெளியிட்ட குடியேற்ற வெள்ளை அறிக்கை உரிமச் சோதனையின் மூன்று வரம்புகளையும் 5 புள்ளி இறுக்குவதாக அறிவித்தது. மறுப்பு வரம்பு 10-இலிருந்து 5 ஆகிறது. அப்படியானால் மறுப்புப் பத்தியில் ஒவ்வொரு விண்ணப்பத்தின் எடையும் இரட்டிப்பாகும். கிராஜுவேட் ரூட்டும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. ஓராண்டு முதுநிலையின் ஈர்ப்பு எவ்வளவு மங்கும் என்பது இலக்குகளில் சேர வேண்டும்.

2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தபடி, 2028 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 925 பவுண்டு தீர்வை கட்ட வேண்டும். முதல் 220 மாணவர்களுக்கு விலக்கு. பழைய ஜனவரி அணியின் 1,629 மிச்சம் இதனால் 704 ஆகியிருக்கும். செப்டம்பரின் 4,779, 3,854 ஆகும். இளநிலையில் 2.75 ஆண்டுக்கு 2,544 போனாலும் 16,498 நிற்கும். 220 பேருக்கான விலக்கின் மதிப்பு ஆண்டுக்கு 2,03,500 பவுண்டு. அதைத் தங்கள் கணக்கில் சேர்க்கும்படி மூன்று துறைகள் கேட்டுள்ளன. நிதித்துறை மறுத்து, அதை மத்தியக் கணக்கில் வைத்துள்ளது: புதிதாகச் சேர்க்கப்படும் அடுத்த மாணவர் எந்தத் துறைக்கு வந்தாலும் முழு 925 பவுண்டு கட்ட வேண்டியிருக்கும் என்பதால், முடிவெடுக்கும் இடத்தில் அந்த முழுத் தொகைதான் தெரிய வேண்டும்.